பாட்டி இருக்கிற வரைக்கும்

பழைய தமிழ் உயில்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பகுதி உண்டு. கொஞ்சம் கூடக் குறைய இப்படி இருக்கும். மேற்படி வீட்டில் என் மனைவி தன் ஆயுள் பரியந்தம் வசித்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது. அவளுக்கு அதை விற்கவோ அடமானம் வைக்கவோ பாத்தியதை இல்லை. அவள் ஆயுளுக்குப் பிறகு என் குமாரர்கள் சர்வ சுதந்திர பாத்தியமாய் அடைந்துகொள்ள வேண்டியது.

மூன்றே வாக்கியங்கள். முதல் வாக்கியத்தில் அன்பு இருக்கிறது, இரண்டாவதில் சந்தேகம் இருக்கிறது, மூன்றாவதில் மகன்கள் இருக்கிறார்கள். மகள்கள் எங்கேயும் இல்லை.

நான் வக்கீலும் இல்லை, ஆடிட்டரும் இல்லை. பழைய பத்திரங்களையும் தீர்ப்புகளையும் படிப்பது எனக்கு ஒரு பழக்கம், அவ்வளவுதான். சரித்திரப் புத்தகங்களில் ராஜாக்கள் வருவார்கள். பத்திரங்களில் யாருக்கு எந்த அறை, யாருக்குக் கிணற்றுத் தண்ணீர், யார் எந்த வாசல் வழியாக வரலாம் என்பதெல்லாம் வரும். இந்த மூன்று வாக்கியங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். தாத்தா இறந்த அன்றைக்கு மகன்களுக்குக் கிடைத்தது என்ன? வீடு என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் சாவி பாட்டியின் இடுப்பில் இருக்கிறது. மகன்கள் உள்ளே வந்து குடியிருக்க முடியாது, வாடகைக்கு விட முடியாது. அவர்களுக்குக் கிடைத்தது ஒரு காத்திருப்பு. அந்தக் காத்திருப்புக்கு என்ன விலை?

விளையாட்டுக்குக் கேட்கிற கேள்வி இல்லை இது. வரி போடும் அரசாங்கம் எப்போதும் இரண்டு விஷயங்களைக் கேட்கும். இந்தச் சொத்து உன் கைக்கு எப்போது வந்தது? வந்தபோது அதன் அடக்கவிலை என்ன? பிற்பாடு வீட்டை விற்கும்போது லாபம் எவ்வளவு என்பது இந்த இரண்டு பதில்களில்தான் நிற்கிறது. கடையில் வாங்கிய பொருளுக்கு ரசீது இருக்கும். சாவின் வழியாக வந்த வீட்டுக்கு, அதுவும் நடுவில் ஓர் உயிர் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்கு, ரசீதை எங்கே தேடுவது?

1

இந்தக் கேள்வியை முதலில் எண்களாக மாற்றியவர்கள் ரோமானியர்கள். அவர்களிடமும் இதே மாதிரி உயில்கள் இருந்தன. ஒருவருக்குச் சொத்து, இன்னொருவருக்கு அதை அனுபவிக்கும் உரிமை. கூடவே அவர்களுக்கு ஒரு தலைவலியும் இருந்தது. கி.மு. 40இல் வந்த ஃபால்சிடிய சட்டத்தின்படி, உயிலில் எத்தனை பேருக்கு என்னென்ன எழுதி வைத்தாலும் முக்கிய வாரிசுக்குக் குறைந்தது நாலில் ஒரு பங்காவது மிஞ்சவேண்டும். அப்படியானால் விதவைக்கோ பழைய வேலைக்காரருக்கோ ஆயுள் முழுக்க எழுதி வைத்த அனுபவ உரிமைக்கு ஒரு மதிப்புப் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் வாரிசுக்கு மிஞ்சியது கால் பங்கா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

3ஆம் நூற்றாண்டில் உல்பியன் என்ற சட்ட அறிஞர் அதற்கு ஒரு வழி சொன்னார். அது பின்னாளில் ஜஸ்டினியன் பேரரசர் தொகுப்பித்த சட்டத் திரட்டில் நமக்கு மிஞ்சியிருக்கிறது. உரிமை பெறுபவருக்கு வயது 20க்குள் என்றால் 30 ஆண்டு அனுபவிப்பார் என்று கணக்கு வைத்துக்கொள். 20 முதல் 25 வரை என்றால் 28 ஆண்டு. 25 முதல் 30 வரை 25 ஆண்டு. 30 முதல் 35 வரை 22. 35 முதல் 40 வரை 20. 40க்கும் 50க்கும் இடையில் என்றால் 60க்கு எத்தனை ஆண்டு பாக்கியோ அதில் ஒன்றைக் கழித்துக்கொள். 50 முதல் 55 வரை 9. 55 முதல் 60 வரை 7. அறுபதைத் தாண்டிவிட்டால், எந்த வயதானாலும் 5.

இந்தப் பட்டியலை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. அறுபது தாண்டிய எல்லோருக்கும் அஞ்சே வருஷம். ஆனால் இதில் ஒரு நேர்மையும் இருக்கிறது. உயிலில் வெறும் "ஆயுள் பரியந்தம்" என்று மொட்டையாகக் கிடந்த ஒன்றை, இளம் விதவைக்கு இத்தனை, கிழவிக்கு இத்தனை என்று பிரித்துப் பார்க்கிறார் உல்பியன். உயிர் என்பது எல்லோரிடமும் ஒரே அளவு மிச்சம் இல்லை என்பதை ஒரு சட்டப் புத்தகம் ஒத்துக்கொள்கிறது.

அதற்குப் பிறகு நீண்ட காலம் இந்த நுட்பம் மறந்துபோனது போலத்தான் தெரிகிறது. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரசாங்கங்கள் போர்ச் செலவுக்காக ஆயுள் ஓய்வூதியங்களை விற்றன. பணத்தை மொத்தமாகக் கொடுத்தால் சாகும்வரை ஆண்டுதோறும் ஒரு தொகை வரும். பெரும்பாலும் வயது என்னவானாலும் ஒரே விலை. 1671இல் ஹாலந்தின் யான் டி விட், அரசாங்கம் இதை மலிவாக விற்று நஷ்டப்படுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1693இல் எட்மண்ட் ஹாலி, வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலி, பிரெஸ்லாவ் நகரத்துச் சாவுக் குறிப்புகளை வைத்து, எந்த வயதுக்காரர் எத்தனை பேர் அடுத்த ஆண்டைப் பார்ப்பார்கள் என்று ஓர் அட்டவணை போட்டார். இன்றைக்கு எல்.ஐ.சி. ஏஜென்ட் உங்கள் வயதைக் கேட்பதற்குப் பின்னால் இருப்பது அந்த மரபுதான். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வாரிசு வரி வந்தபோது, ஆயுள் உரிமைக்கு வயதுவாரியான அட்டவணையைச் சட்டத்தோடு சேர்த்தே அச்சடித்தார்கள்.

இந்தியாவுக்கு வந்த 1899ஆம் ஆண்டு முத்திரைத்தாள் சட்டமோ இந்தத் தொல்லையே வேண்டாம் என்று முடிவு செய்தது. ஒருவரின் ஆயுள்வரை தவணைமுறையில் தரவேண்டிய தொகைக்கு என்ன மதிப்பு? முதல் 12 ஆண்டுகளில் எவ்வளவு சேருமோ அதுதான். வயது கேட்காது. இருபத்தைந்து வயது விதவைக்கு ஜீவனாம்சம் எழுதினாலும் 12, எழுபத்தைந்து வயதுப் பாட்டிக்கு எழுதினாலும் 12. ரோமில் முன்னவளுக்கு 25, பின்னவளுக்கு 5 கிடைத்திருக்கும்.

2

இதுவரை பேசியது உரிமையின் அளவு பற்றி. நம் ஊரில் அதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி இருந்தது. கணவன் சொத்தில் விதவைக்கு முழு உரிமை என்ற ஒன்று உண்டா?

பழைய இந்து சட்டத்தில் விதவைக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு வரையறுக்கப்பட்ட உரிமை. இருக்கும்வரை அனுபவிக்கலாம், தகுந்த காரணம் இல்லாமல் விற்க முடியாது. அவள் இறந்ததும் சொத்து அவளுடைய வாரிசுகளுக்குப் போகாது, கணவனின் வாரிசுகளுக்குத் திரும்பிவிடும். கூட்டுக் குடும்பத்தில் கணவன் இறந்தால் அந்த அளவுகூட இல்லை, ஜீவனாம்சம் மட்டும்தான். 1937இல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் விதவைக்குக் கணவனின் பங்கைக் கொடுத்தது, ஆனால் அதே வரையறையோடு. அதாவது ஒவ்வொரு விதவையும் சட்டப்படியே "ஆயுள் பரியந்தம்" வாழ்பவள். தாத்தா உயில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் பாட்டியின் நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான்.

1956 ஜூன் 17 அன்று இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 14ஆம் பிரிவு இரண்டு உட்பிரிவுகள் கொண்டது. 14(1) சொல்கிறது: ஒரு இந்துப் பெண்ணின் வசம் இருக்கும் எந்தச் சொத்தும் இனி அவளுக்கு முழு உரிமையானது, அரைகுறை உரிமை அல்ல. படிக்கும்போதே ஒரு ஜன்னலைத் திறந்த மாதிரி இருக்கும். உடனே 14(2) வந்து கதவைப் பாதி சாத்துகிறது. தானப் பத்திரம், உயில், கோர்ட் தீர்ப்பு போன்றவற்றின் வழியாக, அந்த ஆவணமே கட்டுப்பாடு விதித்துக் கொடுத்த சொத்துக்கு மேற்படி விதி பொருந்தாது.

அப்போ தாத்தாவின் மூன்று வாக்கிய உயில் எந்தப் பக்கம்? 14(1)ஆ, 14(2)ஆ?

இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு உச்சநீதிமன்றம்வரை போனவர் துளசம்மா. அவருடைய கணவர் 1931இல் கூட்டுக் குடும்பத்தில் இருந்தபடி இறந்துபோனார். அப்போதைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூரில் 1944இல் ஜீவனாம்சம் கேட்டு துளசம்மா வழக்குப் போட்டார். வழக்குக் கட்டணம் கட்டக்கூட வசதி இல்லாதவராகத்தான் கோர்ட் ஏறினார். 1949இல் ஒரு சமரசம் ஆயிற்று. சில சொத்துக்களை அவர் ஆயுள்வரை அனுபவிக்கலாம், விற்கக்கூடாது, அவருக்குப் பிறகு மைத்துனருக்குத் திரும்பிவிடும். 1956 சட்டம் வந்த பிறகு துளசம்மா அதில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு விட்டார், ஒரு பகுதியை 1961இல் விற்றார். மைத்துனர் கோர்ட்டுக்குப் போனார். தீர்ப்பு மாறி மாறி வந்தது. 1977இல் உச்சநீதிமன்றம் துளசம்மாவின் பக்கம் நின்றது. நீதிபதிகள் சொன்னதன் சாரம் இதுதான். ஜீவனாம்சம் அவளுக்கு யாரும் போட்ட பிச்சை அல்ல, சமரசத்துக்கு முன்பே அவளுக்கு இருந்த உரிமை. அந்த உரிமைக்கு ஈடாகக் கொடுத்த சொத்தை, கட்டுப்பாடு எழுதிக் கொடுத்தாலும், 14(1) முழுச் சொத்தாக்கிவிடும்.

வழக்குப் போட்டதிலிருந்து இந்தத் தீர்ப்புவரை 33 ஆண்டுகள். உல்பியனின் பட்டியலில் அத்தனை ஆண்டு யாருக்குமே கிடையாது.

3

இதற்குள் வரி வந்துவிட்டது. 1953இல், சி.டி. தேஷ்முக் நிதியமைச்சராக இருந்தபோது, எஸ்டேட் டியூட்டி சட்டம் நிறைவேறியது. இங்கிலாந்தின் 1894ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி எழுதியது. ஒருவர் இறந்தால் அவரோடு கைமாறும் சொத்துக்கு வரி. தாத்தா இறந்தபோது வரி உண்டு என்பது புரிகிறது. பாட்டி இறக்கும்போது? அவள் எதையும் யாருக்கும் கொடுக்கவில்லை. அவளுடைய உரிமை அவளோடு அணைந்துபோகிறது, அவ்வளவுதான். ஆனால் சட்டம் அதையும் யோசித்து வைத்திருந்தது. ஒருவர் சாவோடு முடியும் உரிமையால் இன்னொருவருக்கு ஆதாயம் கிடைத்தால், அதையும் கைமாறிய சொத்தாகவே எடுத்துக்கொள்ளலாம். வீட்டின் முழு வருமானமும் அவளுக்கு உரியதாக இருந்தால், முழு வீட்டின் மதிப்பும் கணக்கில் வரும்.

ஒரு வீட்டுக்கு இரண்டு சாவு, இரண்டு வரி என்றால் கொடுமைதானே? அதனால் ஒரு விலக்கும் வைத்தார்கள். இப்படி எழுதி வைத்த சொத்துக்குத் தம்பதியில் ஒருவர் இறந்தபோது வரி கட்டியாகிவிட்டது என்றால், மற்றவர் இறக்கும்போது மறுபடி வேண்டாம். ஒரு நிபந்தனை, அந்த மற்றவர் சொத்தைத் தன் இஷ்டப்படி கொடுக்க வல்லவராக இருக்கக்கூடாது. வேடிக்கையைக் கவனியுங்கள். பாட்டிக்கு வெறும் ஆயுள் உரிமைதான் என்றால் வரி இல்லை. பாட்டி முழு உரிமையாளர் என்றால் வரி உண்டு. ஆக, பாட்டியைச் சின்னவளாகக் காட்டுவது குடும்பத்துக்கு லாபம். 14(1)ஐ எடுத்து நீட்டி "இல்லை, அந்த அம்மா முழுச் சொந்தக்காரி" என்று சொல்வது கஜானாவுக்கு லாபம். பெண்ணுரிமையைத் தூக்கிப் பிடிக்க வரித்துறைக்கு ஒரு காரணம் இருந்த விசித்திரக் காலம் அது.

தலைகீழான கதைகளும் நடந்தன. உயிரோடு இருக்கும்போதே அப்பா மகன்களுக்கு வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டு, அதே வீட்டில் குடும்பத் தலைவராகத் தொடர்ந்து இருந்தால்? பெங்களூரில் 1954இல் அப்படிக் கொடுத்த ஒருவர் 1959இல் இறந்தார். உச்சநீதிமன்றம், கொடுத்தவர் முழுசாக வெளியேறவில்லை, ஆகவே கொடுத்ததாகவே ஆகாது, வரி உண்டு என்றது. பெற்ற பிள்ளைகளின் வீட்டில் அப்பா இருப்பது நம் ஊரில் வெறும் பழக்கம். வரிச் சட்டத்தின் கண்ணில் அது ஒரு பிடி.

1957இல் வந்த செல்வ வரியும் தன் பங்குக்கு ஆயுள் உரிமையை அளந்தது. அதன் விதிகளில் ஒரு சூத்திரமே உண்டு. ஆண்டு வருமானத்தை எடுத்துக்கொள். அந்த வயதுக்கு ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் என்ன என்று பார். 6.5 சதவீத வட்டியைச் சேர். வரும் எண்ணால் பெருக்கு. உல்பியனும் ஹாலியும் டெல்லியில் ஒரு மேஜையில் உட்கார்ந்து எழுதிய மாதிரி இருக்கும்.

எஸ்டேட் டியூட்டியை 1985இல் வி.பி. சிங் எடுத்துவிட்டார். ஆண்டுக்குச் சுமார் 20 கோடி ரூபாய்தான் வருகிறது, அதை வசூலிக்கும் செலவும் தொல்லையும் அதிகம் என்பது காரணம். 1985 மார்ச் 16 முதல் நடந்த சாவுகளுக்கு அந்த வரி இல்லை. செல்வ வரியும் 2015இல் போனது. மிச்சம் இருப்பது மூலதன ஆதாய வரி. அது சாவைப் பார்ப்பதில்லை, விற்பனையைத்தான் பார்க்கிறது.

4

1956இல் டி.டி. கிருஷ்ணமாச்சாரி திரும்பக் கொண்டுவந்து, 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் நிலைபெற்ற மூலதன ஆதாய வரி, நம் ஆரம்பக் கேள்விக்கு ஓர் எளிய பதிலை வைத்திருக்கிறது. வாரிசாகவோ உயில் மூலமாகவோ வந்த சொத்துக்கு உன் அடக்கவிலை என்ன? உனக்கு முன்னால் காசு கொடுத்து வாங்கியவருக்கு என்ன ஆயிற்றோ, அதுதான். நடுவில் எத்தனை சாவு நடந்தாலும் சரி. பாட்டிக்கு ஆயுள் உரிமையா முழு உரிமையா என்று கேட்கவே தேவையில்லை. கோடு நேராகத் தாத்தாவிடம் போகிறது, அவர் பத்திரம் பதிந்த நாளிடம் போகிறது. 2025இல் வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, இந்த அடிப்படை மாறவில்லை.

ஆனால் தாத்தா 1962இல் எவ்வளவுக்கு வாங்கினார் என்று யாருக்குத் தெரியும்? பத்திரம் கரையான் அரித்திருக்கும். தெரிந்தாலும் அந்தத் தொகை சிரிப்பாக இருக்கும். அதனால் சட்டம் ஒரு குறிப்பிட்ட நாளின் சந்தை மதிப்பைப் பதிலாக வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அந்த நாள் நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. முதலில் 1954 ஜனவரி 1. பிறகு 1964 ஜனவரி 1. பிறகு 1974 ஏப்ரல் 1, 1981 ஏப்ரல் 1. இப்போது 2001 ஏப்ரல் 1. அந்த நாளுக்கு அரசு வழிகாட்டி மதிப்பு இருந்தால் அதைத் தாண்டிச் சொல்லக்கூடாது என்றும் 2020இல் ஒரு கயிறு கட்டினார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். தாத்தா 1962இல் 18,000 ரூபாய்க்கு வாங்கிய வீடு. 1990இல் இறந்தார், நம் மூன்று வாக்கிய உயிலோடு. பாட்டி 2019இல் இறந்தார். மகன்கள் 2024 ஆகஸ்டில் 1 கோடியே 20 லட்சத்துக்கு விற்கிறார்கள். 2001 மதிப்பு 12 லட்சம். 2024 ஜூலை 23க்கு முந்தைய முறையில் 12 லட்சத்தைப் பணவீக்கக் குறியீட்டால் உயர்த்துவார்கள். 2001க்கு 100, 2024-25க்கு 363. ஆக 43 லட்சத்து 56 ஆயிரம். லாபம் 76 லட்சத்து 44 ஆயிரம். 20 சதவீத வரி 15 லட்சத்து 28 ஆயிரத்து 800. புதிய முறையில் குறியீடு இல்லை. லாபம் 1 கோடியே 8 லட்சம், 12.5 சதவீதம் என்றால் 13 லட்சத்து 50 ஆயிரம். அந்தத் தேதிக்கு முன்பே கையிலிருந்த வீடு என்பதால், இந்தியாவில் வசிப்பவர் இரண்டில் குறைந்ததைக் கட்டலாம். செஸ், சர்சார்ஜ் தனி. இந்த முழுக் கணக்கிலும் 1990உம் இல்லை, 2019உம் இல்லை. இரண்டு சாவும் வரியின் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

பாட்டி உயிரோடு இருக்கும்போதே விற்றால்தான் சிக்கல். "கிழவி கையெழுத்து போடாம எவனும் வாங்க மாட்டான்" என்று புரோக்கர் சொல்வார், அது சரிதான். பாட்டிக்கு ஒரு தொகை கொடுத்து உரிமையை விடுவிக்கிறார்கள் மகன்கள். அந்தத் தொகையை வீட்டின் அடக்கவிலையில் சேர்க்கலாமா? இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு வழக்கு சென்னையிலிருந்து போய் 1997இல் உச்சநீதிமன்றத்தில் முடிந்தது. அம்மாவின் சொத்துக்குக் கட்டிய எஸ்டேட் டியூட்டியை அடக்கவிலையில் சேர்க்கக் கேட்டார் வாரிசு. முடியாது என்றது நீதிமன்றம். ஆனால் போகிறபோக்கில் ஒரு நல்ல வேறுபாட்டைச் சொன்னது. முன்னவர் அடமானம் வைத்துவிட்டு இறந்த சொத்து என்றால், வாரிசுக்குக் கிடைத்தது முழுச் சொத்து அல்ல, அடமானம் போக மிச்சம்தான். அந்த அடமானத்தை மீட்கக் கொடுத்த பணம், சொத்தின் மீதிப் பகுதியை வாங்கக் கொடுத்த பணம். வாரிசே வைத்த அடமானம் என்றால் அப்படி இல்லை.

இந்தத் தர்க்கத்தைப் பாட்டியின் பக்கம் திருப்பிப் பாருங்கள். தாத்தா வைத்துவிட்டுப் போன ஆயுள் உரிமையும் வாரிசுக்கு வந்ததிலிருந்து பறிக்கப்பட்ட ஒரு துண்டுதானே? அதை விலைக்கு வாங்கினால் அது அடக்கவிலை என்று வாதாட இடம் இருக்கிறது. தாத்தா இறந்த அன்று மகன்களுக்கு என்ன கிடைத்தது என்று தொடக்கத்தில் கேட்டோமே, உச்சநீதிமன்றம் அதற்கு வேறொரு வழக்கில் பதில் சொல்லிவிட்ட மாதிரி எனக்குத் தோன்றும். முழு வீடு அல்ல. மிச்சம்.

5

இப்போது மகன்களில் ஒருவர் நியூ ஜெர்சியில் குடியேறியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா உலகத்தில் எங்கே லாபம் வந்தாலும் கணக்கு கேட்கும். அங்கே விதி நம்முடையதற்கு நேர் எதிர். 1921ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து, சாவின் வழியாக வந்த சொத்துக்கு அடக்கவிலை என்பது இறந்த நாளின் சந்தை மதிப்பு. தாத்தா வாங்கிய விலை அழிந்துவிடும். வெளிநாட்டுக்காரர் விட்டுச்சென்ற வெளிநாட்டுச் சொத்துக்கும் இது பொருந்தும் என்று அவர்கள் வருவாய்த் துறை 1984இல் விளக்கியிருக்கிறது. நம் ஊர் முறைக்கு மாறப் பார்த்ததும் உண்டு. 1976இல் பழைய அடக்கவிலையையே தொடரச் சொல்லும் சட்டத்தை நிறைவேற்றினார்கள். பழைய விலைகளை எங்கே போய்த் தேடுவது என்று கூச்சல் எழுந்தது, அது நடைமுறைக்கு வராமலே 1980இல் நீக்கப்பட்டது.

ஆகவே அமெரிக்காவில் சாவுதான் கடிகாரம். எந்தச் சாவு என்பதுதான் கேள்வி. கணவர் மனைவிக்கு ஆயுள் உரிமையும் பிள்ளைகளுக்கு மிச்சமும் எழுதி வைத்தால், கணவர் இறந்த நாளின் மதிப்பு மொத்த வீட்டுக்கும் ஒரே அடக்கவிலை. மனைவி உயிரோடு இருக்கும்வரை அதை வயது அட்டவணைப்படி இருவருக்கும் பிரிப்பார்கள். ஆண்டுகள் போகப் போக அவள் பங்கு கரைந்து பிள்ளைகள் பங்கு வளரும். அவள் இறக்கும்போது புதிய மதிப்பு கிடையாது, ஏனென்றால் அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. அவள் தன் உரிமையை மட்டும் தனியாக விற்றால், 1969ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அவளுடைய அடக்கவிலை பூஜ்யம். அமெரிக்காவிலேயே ஓர் அப்பா தன் வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, குடியிருக்கும் உரிமையைத் தனக்கே வைத்துக்கொண்டால் கதை வேறு. அவர் இறந்த நாளின் மதிப்பு முழுசாகக் கிடைக்கும். பெங்களூர் வழக்கின் அதே தர்க்கம், ஆனால் இங்கே வாரிசுக்குச் சாதகமாக.

நம் கணக்குக்கு வருவோம். 1990இல் வீட்டின் மதிப்பு 3 லட்சம், 2019இல் 1 கோடி என்று வைப்போம். டாலர் மாற்றத்தை விட்டுவிடுவோம். பாட்டிக்கு ஆயுள் உரிமை மட்டும்தான் என்றால், 1990 மதிப்புப்படி மொத்த லாபம் 1 கோடியே 17 லட்சம். பாட்டி முழு உரிமையாளராக இருந்தார் என்றால் 2019 மதிப்பு, லாபம் 20 லட்சம். இந்தியாவில் கட்டிய வரிக்கு அங்கே கழிவு உண்டுதான். ஆனாலும் எவ்வளவு பெரிய இடைவெளி! வீடு அதேதான், பாட்டியும் அதே பாட்டிதான். நியூ ஜெர்சியின் கணக்கை நெல்லூர் துளசம்மாவின் கேள்வி தீர்மானிக்கிறது: 14(1)ஆ, 14(2)ஆ?

சரி, பாட்டி முழு உரிமையாளர் என்று சொல்லிவிட்டு மகன் குறைந்த வரி கட்டிப் போகலாமே என்று தோன்றும். அங்கேதான் இருக்கிறது விஷயம். பாட்டி முழு உரிமையாளர் என்றால் தாத்தா உயிலின் மூன்றாவது வாக்கியம் செல்லாது. வீடு பாட்டியின் சொத்து. அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால் அது அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். மகள்களுக்கும். வரிக் கணக்கில் 14(1)ஐத் தூக்கிப் பிடிக்கும் மகன், பங்கு பிரிக்கும் மேஜையில் 14(2)வின் பக்கம் உட்கார முடியாது. உயிலில் எங்கேயும் இல்லாத மகள்கள் அந்த வழியாக உள்ளே வந்துவிடுகிறார்கள்.

இந்தக் கேள்விக்கு இன்னும் முடிவான பதில் இல்லை. துளசம்மா தீர்ப்புக்குப் பிறகு, கணவர் தானே சம்பாதித்த சொத்தை மனைவிக்கு ஆயுள்வரை மட்டும் என்று உயில் எழுதினால் அது 14(2)தான் என்று 2006இலும் அதன் பிறகும் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேறு அமர்வுகள் துளசம்மாவின் வழியில் போயிருக்கின்றன. 2024 டிசம்பரில் இரண்டு நீதிபதிகள் அமர்வு, இந்த முரண்பாடுகளைப் பட்டியலிட்டு, பெரிய அமர்வு ஒன்று இதைத் தீர்த்துவைக்க வேண்டும் என்று அனுப்பியிருக்கிறது. 1956இல் எழுதிய இரண்டு உட்பிரிவுகளுக்கு இடையில் எத்தனை வீடுகள், எத்தனை பாட்டிகள்!

எனக்கு அந்தப் பழைய உயில்களில் இப்போது முதலில் கண்ணில் படுவது முதல் வாக்கியத்தில் வரும் ஒரு சின்னச் சொல்தான். சில உயில்களில் வெறும் "அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று இருக்கும். சிலவற்றில் "அவளுடைய ஜீவனாம்சத்துக்காக" என்று ஒரு சொல் கூடுதலாக இருக்கும். எழுதியவர் பெரிதாக யோசித்திருக்க மாட்டார், பத்திர எழுத்தர் வழக்கமாகப் போடும் சொல்லாகக்கூட இருக்கலாம். ஆனால் துளசம்மாவுக்குப் பிறகு வழக்கறிஞர்கள் தேடிப் பிடிப்பது அந்தச் சொல்லைத்தான். அது இருந்தால், கொடுத்தது தயவு அல்ல, ஏற்கெனவே இருந்த ஓர் உரிமைக்கு ஈடு என்று வாதாட ஒரு பிடி கிடைக்கும். உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் அப்படி ஓர் உயில் கிடந்தால் எடுத்துப் படித்துப் பாருங்கள். பாட்டி இன்னும் இருந்தால், அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.